துருப்பிடித்த பழைய எம்எக்ஸ்-5 காரில் 7 அங்குல டிஃபரன்ஷியல் பொருத்தும் முறை

மாஸ்டா நிறுவனம் 1989இல் அறிமுகப்படுத்திய முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சினுடன் வெளிவந்தபோது எஞ்சினின் விசையைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டியான அதன் பின்புற டிஃபரன்ஷியலில் இருந்த பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் ஏறத்தாழ 6 அங்குலம். 1994 மாடலுக்கு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது, கூடிய முறுக்கு விசையைத் தாங்குவதற்காக அதை 7 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். மாற்றங்கள் ஏதும் செய்யாத 1.6 எஞ்சினின் விசையைச் சிறிய டிஃபரன்ஷியல் பல்லாண்டுகள் தாங்கும் என்றாலும், டர்போ பொருத்திய கார்களிலும் பந்தயத் தடத்தில் ஓடும் கார்களிலும் அதன் பற்கள் உடைவது இந்தக் காரை வைத்திருப்பவர்கள் நன்கறிந்த செய்தி. பெரிய டிஃபரன்ஷியல் அதே இடத்தில், அதே சப்ஃபிரேமில் (சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டத்தில்), எதையும் வெட்டாமலும் வெல்டிங் செய்யாமலும் பொருந்திவிடுகிறது என்பதே இந்த மாற்றத்தைப் பலரும் விரும்பக் காரணம்.

ஆனால் இவ்வளவு எளிது என்று சொல்லப்படுவது துரு ஏறாத காருக்குத்தான் பொருந்தும். முப்பது ஆண்டுகள் மழையிலும் உப்பிலும் ஓடிய காரில், புதிய டிஃபரன்ஷியல் பொருந்துமா என்பதைவிடப் பழையது கழலுமா, கழற்றும்போது எந்த போல்ட் முறியும், கார் இத்தனை நேரம் எதன்மேல் நிற்கும் என்னும் கேள்விகளே வேலையைத் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு விடை தெரிந்த பிறகுதான் பழைய டிஃபரன்ஷியலில் கை வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அந்த எண்ணத்தின்படியே அமைந்திருக்கிறது.

எதை வாங்குவது

டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கினால் வேலை பாதியில் நின்றுவிடும். 7 அங்குல டிஃபரன்ஷியலின் உள்ளீட்டு ஃபிளேஞ்ச் (முன்புற இணைப்புத் தகடு) பெரியது என்பதால், கியர் பெட்டியிலிருந்து விசையைக் கொண்டுவரும் 1.6 காரின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதனுடன் பொருந்தாது. பக்கங்களில் செருகி, சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் ஹாஃப் ஷாஃப்ட்டுகளின் உள்முனையும் வேறானது. எனவே 1.8 காரின் டிஃபரன்ஷியல், அதன் இரண்டு ஹாஃப் ஷாஃப்ட்டுகள், அதன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாக, கூடுமானால் ஒரே காரிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். ஹாஃப் ஷாஃப்ட்டின் வெளிமுனை 1.6 காரின் ஹப்பில் (சக்கரம் பொருந்தும் மையத்தில்) அப்படியே பொருந்தும் என்பதால் ஹப்பையோ பிரேக்கையோ மாற்ற வேண்டியதில்லை. ஹாஃப் ஷாஃப்ட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உள்மூட்டு நேராக டிஃபரன்ஷியலுக்குள் செருகப்பட்டு ஒரு கம்பிக் கிளிப்பால் நிற்கும். மற்றொன்றில் தனியே செருகிய ஒரு ஃபிளேஞ்சுடன் மூட்டு போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். இரண்டில் எதுவானாலும் குறையில்லை; ஆனால் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இன்னொன்றுமாகத் துண்டு துண்டாகச் சேகரிப்பதைத் தவிருங்கள்.

அடுத்தது பல் விகிதம், அதாவது சக்கரங்கள் ஒரு சுற்றுச் சுழல புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுழல வேண்டும் என்பது. தொடக்க கால 1.6 காரில் அது 4.3, முதல் தலைமுறை 1.8 காரில் 4.1. இந்த வேறுபாட்டால் ஒரே வேகத்தில் எஞ்சினின் சுழற்சி ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. அதாவது நெடுஞ்சாலையில் நிமிடத்துக்கு 4000 சுழற்சியில் ஓடிய எஞ்சின் இப்போது சுமார் 3800 சுழற்சியில் ஓடும். நீண்ட பயணத்துக்கு இது நன்மை. வளைவுகள் நிறைந்த சாலையில் துரிதமாக எழுச்சி பெறுவதில் சிறிது இழப்பு உண்டு. அடுத்த தலைமுறைக் கார்களின் ஆறு கியர் வகைகளில் 3.9, 3.6 போன்ற, எஞ்சினை இன்னும் மெதுவாகச் சுழலவிடும் விகிதங்களும் வந்தன. அவை ஆறு கியருக்காகவோ கூடிய விசைக்காகவோ தேர்ந்தெடுக்கப்பட்டவை. சாதாரண 1.6 எஞ்சினுக்கும் ஐந்து கியர் பெட்டிக்கும் 3.6 விகிதத்தைப் பொருத்தினால் கார் சோர்ந்துபோகும்; அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விற்பவர் சொல்லும் விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டாம். உள்ளீட்டு ஃபிளேஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரு பக்க ஷாஃப்ட்டுகளையும் ஒரே திசையில் சேர்ந்தாற்போல் ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி, ஃபிளேஞ்ச் எத்தனை சுற்றுச் சுழல்கிறது என்று எண்ணுங்கள். 4.1 என்பது நான்கு சுற்றும் இன்னும் ஒரு சிறு துண்டும், 4.3 என்பது நான்கும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கும். பத்துச் சுற்றுச் சுழற்றி எண்ணினால் 41, 43 என்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பது எந்த வகை என்பதையும் பார்க்க வேண்டும். 1.6 கார்கள் சிலவற்றில் ஒரு சக்கரம் வழுக்கும்போது மறுசக்கரத்துக்கும் விசையைத் தரும் விஸ்கஸ் வகை வந்தது. அதிலுள்ள சிலிக்கோன் திரவம் காலப்போக்கில் ஆற்றல் இழப்பதால் இன்று பெரும்பாலானவை சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்கின்றன. 1.8 கார்களுடன் அதே நோக்கத்துக்கான டார்சன் வகை வந்தது, ஆனால் எல்லா 1.8 கார்களிலும் அது இல்லை. டார்சன் முழுக்கப் பற்சக்கரங்களாலேயே செயல்படுகிறது; தேய்ந்துபோகும் கிளட்ச் தகடுகள் அதில் இல்லை, தனி எண்ணெய்ச் சேர்க்கையும் அதற்கு வேண்டியதில்லை. ஒரு பக்க ஷாஃப்ட்டைச் சுழற்றும்போது மறுபக்கம் எதிர்த்திசையில் எளிதாகச் சுழன்றால் அது சாதாரண வகை. அதே திசையில் இழுத்துக்கொண்டு சுழன்றாலோ இறுக்கம் காட்டினாலோ பெரும்பாலும் டார்சன். தேய்ந்த அலகுகளில் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும் என்பதால், பக்கத் துளை வழியே டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது. சாதாரண வகையில் நடுவே குறுக்காகச் செல்லும் தண்டு கண்ணில் படும்.

வாங்கும் முன் உள்ளீட்டு ஃபிளேஞ்சை மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கிரவுன் வீலைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியனின் பேரிங்கில் தளர்வு சிறிதும் கூடாது. சுழற்சி திசையில் முன்னும் பின்னும் மெல்லிய இடைவெளி இருப்பது இயல்பு. எண்ணெய் வடிகால் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலையில்லை. துகள்களாகவோ செதில்களாகவோ உலோகம் ஒட்டியிருந்தால் அந்த அலகை விட்டுவிடுங்கள். எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பேரிங்குகளில் துருப்புள்ளிகள் இருக்க வாய்ப்பு அதிகம். பல மாதங்கள் ஷாஃப்ட் இல்லாமல் திறந்த துளைகளுடன் வெளியில் கிடந்த அலகுகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. எண்ணெய் நிரப்பும் மூடி திறக்கிறதா என்பதையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். காரின் அடியில் பொருத்திய பிறகு அது திறக்க மறுத்தால், அதுவரை செய்த வேலை முழுவதும் காத்துக் கிடக்க வேண்டியதாகும்.

பக்க ஆயில் சீல்கள் இரண்டையும் மேசைமேல் வைத்தே புதிதாக மாற்றுங்கள். விலையும் வேலையும் குறைவு. முன்புற பினியன் சீல் அப்படியல்ல. அதை மாற்றப் பினியன் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்குகளின் முன்சுமையை (முன்கூட்டியே கொடுக்கப்படும் அழுத்தத்தை) நிர்ணயிக்கிறது. கசிவு இல்லாத சீலைத் தொடாமல் விடுவதே நலம். கசிந்தால், சுழற்ற எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்பதைக் கழற்றுவதற்கு முன்பே அளந்து வைத்துக்கொள்ளாமல் அந்த நட்டைத் தளர்த்தக் கூடாது. மேலேயுள்ள காற்றுத் துளை மூடியையும் சுத்தம் செய்யுங்கள். அது அடைபட்டால் உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியின்றிப் புதிய சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளும்.

துருவின் நிலையை அறிதல்

இந்தக் காரின் பின்புறத்தைத் தூக்கப் பெரும்பாலோர் ஜாக்கியை வைக்கும் இடம் டிஃபரன்ஷியலின் அடிப்பாகம்; ஸ்டாண்டுகளை வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் சில் என்னும் பெட்டிப் பகுதியின் வலுவூட்டப்பட்ட விளிம்பு. முதலாவதையே நாம் கழற்றப் போகிறோம். இரண்டாவதோ இந்தக் காரில் துரு முதலில் தின்னும் இடம். மடக்குக் கூரையிலிருந்து நீர் வடியும் குழாய்கள் பின் சக்கரத்துக்கு முன்னால் சில்லின் முடிவில் வந்து திறக்கின்றன. இலைகளும் மண்ணும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே தங்கி, வெளியில் பெயிண்ட் அழகாக இருக்கும்போதே உட்புறத் தகட்டை அரித்துவிடும். ஆகவே ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சில்லின் பின்பகுதி முழுவதையும் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற ஓசை மந்தமாக மாறும் இடத்திலும் கூர்முனை உள்ளே இறங்கும் இடத்திலும் ஸ்டாண்டை வைக்கக் கூடாது. அப்படிப்பட்ட காரை, பின்புற சப்ஃபிரேமின் உறுதியான பகுதியில், சக்கரங்களைத் தாங்கும் கைகளான விஷ்போன்கள் இணையும் இடங்களுக்கு அருகே, தடித்த மரக்கட்டை வைத்து நிறுத்தலாம். சப்ஃபிரேம் அப்படியே இருக்க டிஃபரன்ஷியல் மட்டும் கீழே இறங்குவதால் இது இந்த வேலைக்கு இடையூறாகாது. சப்ஃபிரேமும் தட்டிப் பார்க்கையில் உதிர்ந்தால், டிஃபரன்ஷியலை மறந்துவிட்டு முதலில் வெல்டிங் வேலையை முடியுங்கள். வலுவற்ற தகட்டின்கீழ் யாரும் படுக்கக் கூடாது.

கைப்பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே செயல்படுகிறது. அவை காற்றில் தொங்கும்போது அதனால் காரை நிறுத்த முடியாது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஸ்டாண்டில் நின்ற பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியானால் மட்டுமே கீழே செல்லுங்கள்.

போல்ட்டுகளை முன்கூட்டியே பழக்குதல்

வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, கழற்ற வேண்டிய ஒவ்வொரு மரையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவிளக்கி எண்ணெயைத் தினமும் ஊற்றி வாருங்கள். மரையின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுத்தம் செய்யாமல் நட்டைத் திருகினால், அங்குள்ள துரு நட்டுக்குள் சிக்கிப் பாதி வழியில் இறுகிவிடும். ஆறு முனை சாக்கெட்டை மட்டுமே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் துருவால் மெலிந்த தலையை உருண்டையாக்கிவிடும். தளர்த்தும் முன் சற்றே இறுக்கும் திசையில் அசைத்தால் துருவின் பிடி உடையும். அசைந்த பிறகும் ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே என்று எண்ணெய் விட்டுக்கொண்டே போக வேண்டும்.

தீச்சுடரைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், டிஃபரன்ஷியலுக்கு மிக அருகில் இருக்கிறது. எரிபொருள் குழாய்களும் அதே பகுதியில் செல்கின்றன. கேஸ் டார்ச்சை இங்கே பயன்படுத்துவதை எந்தச் சூழ்நிலையிலும் ஏற்க முடியாது. மின்தூண்டல் சூடாக்கி அதைவிடப் பாதுகாப்பானது, ஆனால் ரப்பர் புஷ்களுக்கு அருகில் அதுவும் ஆகாது. அங்கே பொறுமையும் நீண்ட கைப்பிடியும்தான் வழி. கிரைண்டரில் பறக்கும் பொறியும் தீதான். வெட்ட வேண்டியிருந்தால் ஈரத் துணியும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், முடிந்தால் கைரம்பமே போதும்.

இந்தக் காரின் பின்புறத்தில் எல்லோரும் அஞ்சும் போல்ட் ஒன்று உண்டு. ஹப் தாங்கியின் அடிப்பகுதியைக் கீழ் விஷ்போனுடன் இணைத்து, முழு அகலத்துக்கும் ஊடுருவிச் செல்லும் நீண்ட போல்ட் அது. அது தன் இரும்புக் குழலோடு ஒன்றாகிப் போயிருந்தால் பல நாட்களை விழுங்கிவிடும். நல்லவேளையாக இந்த வேலைக்கு அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை: மேல் விஷ்போனின் வெளி போல்ட்டை மட்டும் கழற்றி, ஹப் தாங்கியை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் ஹாஃப் ஷாஃப்ட்டை உருவிக்கொள்ளலாம். அதேபோல் கீழ் விஷ்போன்களின் உள்முனையில் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் மையம் விலகிய போல்ட்டுகளையும் தொடாதீர்கள். துருப்பிடித்த காரில் தேவையற்ற ஒரு போல்ட்டையும் அசைக்காமல் இருப்பது சோம்பல் ஆகாது.

கழற்றும் வரிசை

கார் நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போதே ஹப் நட்டுகளைத் தளர்த்த வேண்டும். அலாய் சக்கரத்தின் நடு மூடியை எடுத்தால் 29 மி.மீ. நட்டு தெரியும். அதன் விளிம்பு ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கப்பட்டிருக்கும். சிறு உளியால் அதை முழுவதும் நிமிர்த்திய பிறகே சாக்கெட்டை வையுங்கள், இல்லையெனில் மரை சிதையும். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, நீண்ட கைப்பிடியால் திருகினால் தளரும். இந்த நட்டுகளை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

பிறகு காரைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களை எடுத்து, எக்ஸாஸ்ட்டின் பின்பகுதியை இறக்குங்கள். அதன் இணைப்பு ஸ்டட்டுகள் முறிவதற்கே வாய்ப்பு அதிகம் என்பதால் புதியவற்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டிஃபரன்ஷியலின் எண்ணெயை வடித்துவிடுங்கள்.

பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாயின் இணைப்பைத் திறக்க வேண்டியதில்லை, பழைய குழாயைத் திறந்தால் அது முறுக்கிக்கொண்டு உடையும். ஏபிஎஸ் உள்ள காரில் சென்சார் கம்பியையும் விடுவிக்க வேண்டும். மேல் விஷ்போனின் வெளி போல்ட்டை எடுத்தபின் ஹாஃப் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து எளிதாக வராது, ஏனெனில் பற்களுக்கிடையே துரு ஊறியிருக்கும். பழைய நட்டை ஷாஃப்ட்டின் நுனியோடு சமமாக இருக்கும்படி திருகி, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டுங்கள். இரண்டு மூன்று நல்ல அடிகளுக்கு அசையவில்லையென்றால் இழுப்பானைப் பொருத்துங்கள். தொடர்ந்து அடித்தால் சேதமாவது ஹப் பேரிங்.

உள்முனையை விடுவிக்க, மூட்டுக்கும் டிஃபரன்ஷியல் உறைக்கும் இடையே எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு நெம்புகோல்களை வைத்து ஒரே நேரத்தில் நெம்ப வேண்டும்; கிளிப் தன் பள்ளத்திலிருந்து விலகும்போது ஒரு சிறு அதிர்வோடு வெளியே வரும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் மூட்டு உள்ளேயே பிரிந்துபோகும். பழைய ஷாஃப்ட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் யாராவது ஒருவருக்குப் பயன்படும். அவற்றின் ரப்பர் உறையைக் கிழிக்காமல் எடுத்துவையுங்கள்.

இனி வருவது இந்தக் காருக்கே உரிய பகுதி. கியர் பெட்டியின் பின்முனையையும் டிஃபரன்ஷியலின் மூக்கையும் பவர் பிளான்ட் ஃபிரேம் என்னும் நீண்ட அலுமினியச் சட்டம் இறுக்கமாக இணைக்கிறது. கியர் பெட்டிக்குத் தனியாகப் பின்புறத் தாங்கி கிடையாது. இந்தச் சட்டம்தான் அதைத் தாங்குகிறது. எனவே சட்டத்தில் கை வைக்கும் முன் கியர் பெட்டியின்கீழ் மரப்பலகையோடு ஒரு ஜாக்கியை வைத்துத் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பின்னோக்கிச் சாய்ந்து ரப்பர் தாங்கிகளையும் குழாய்களையும் இழுக்கும். காரின் அடித்தளத்திலிருந்து சட்டத்தின் கீழ்விளிம்பு வரை உள்ள உயரத்தை முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள். சட்டத்தோடு கட்டப்பட்ட மின்கம்பிகளை விடுவித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, பிறகு டிஃபரன்ஷியல் பக்கத்துப் பெரிய போல்ட்டுகளுக்கு வாருங்கள். அங்கே ஒரு துளையில் இடத்தை நிலைநிறுத்தும் இரும்புக் குழல் ஒன்று இருக்கிறது. அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்திருப்பதால் வெள்ளைப் பொடி படிந்து அது இறுகிப்போயிருக்கும். கனமான சுத்தியலால் அடித்தால் சட்டத்தின் கண் விரிசல் விடும். துருவிளக்கி ஊற்றி, குழலை முதலில் அதன் இடத்திலேயே சுழலச் செய்து, சுழன்ற பிறகு வெளியே எடுப்பதே பாதுகாப்பான வழி. சட்டம் வெளியே வந்ததும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கியர் பெட்டியிலிருந்து உருவுங்கள். அங்கிருந்து எண்ணெய் வடியும் என்பதால் துளையை மூட ஒரு பிளாஸ்டிக் மூடியைத் தயாராக வைத்திருங்கள்.

இப்போது டிஃபரன்ஷியல், சப்ஃபிரேமின் இரு பக்கமும் ரப்பர் புஷ் கொண்ட இரண்டு காதுகளில் மட்டுமே தொங்குகிறது. அதன்கீழ் அகன்ற தட்டுள்ள ஜாக்கியை வைத்து, பட்டையால் கட்டி, இருவராகச் சேர்ந்து நட்டுகளை எடுத்து மெதுவாக இறக்குங்கள். தனியாளாக இதைச் செய்ய முயல வேண்டாம். எடை ஒருபக்கமாகச் சரியும்போது கையால் பிடித்து நிறுத்த முடியாது.

காலியான இடத்தில் செய்ய வேண்டியவை

டிஃபரன்ஷியல் இல்லாத இந்த நேரத்தில் கிடைக்கும் வசதி இன்னொரு முறை எளிதில் வாய்க்காது. அதன் மேற்புறம் மறைந்திருந்த பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கேபிள்கள், எரிபொருள் குழாய்கள் ஆகியவற்றை நன்கு வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான நிறமாற்றத்தைச் சுத்தம் செய்து மசகு பூசலாம். நகத்தால் சுரண்டும்போது செதில் விழும் குழாயை மாற்றியே ஆக வேண்டும். டிஃபரன்ஷியலுக்காக இந்தப் பணியை ஒத்திப்போடுவதை நான் ஏற்க மாட்டேன்.

சப்ஃபிரேமின் தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியைப் பூசி, அது காய்ந்தபின் துத்தநாக ப்ரைமரும் சேஸிஸ் பெயிண்டும் அடிக்கலாம். பெட்டி போன்ற உட்பகுதிகளுக்குள் மெழுகைத் தெளிக்க வேண்டும், ஏனெனில் அங்கே எந்தத் தூரிகையும் எட்டாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிஃபரன்ஷியலின் காதுகள் அழுந்தி உட்காரும் முகங்களில் தடித்த பெயிண்ட் இருக்கக் கூடாது. அழுத்தத்தில் பெயிண்ட் நசுங்கி மெலியும்போது போல்ட்டின் இறுக்கமும் குறைந்துவிடும். மெல்லிய ப்ரைமர் போதும். வெளிவிளிம்பை இறுக்கிய பிறகு மெழுகால் மூடலாம். ஓட்டை விழுந்த இடத்தை வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் பெட்ரோல் தொட்டியைக் காரிலிருந்து எடுத்த பிறகே அதைச் செய்யலாம்.

துருவால் மெலிந்த போல்ட்டுகளுக்குப் பதிலாகப் புதியன வாங்கும்போது தலையில் பொறித்துள்ள வலிமை எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். துருப்பிடிக்காது என்பதற்காகச் சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளை இங்கே பயன்படுத்துவது தவறு. அவற்றின் வலிமை இந்த இடத்துக்குப் போதாது.

பொருத்துதல்

காதுகளிலுள்ள ரப்பர் புஷ்களில் விரிசல் இல்லையென்று பார்த்து, டிஃபரன்ஷியலை ஜாக்கியில் ஏற்றி, மேல் நட்டுகளைக் கையால் மட்டும் திருகி நிறுத்துங்கள். புதிய புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கியர் பெட்டிக்குள் செருகி, அலுமினியச் சட்டத்தை உரிய இடத்தில் வைத்து, எல்லா போல்ட்டுகளும் சில சுற்றுகள் பிடித்த பிறகே எதையும் இறுக்க வேண்டும். இரும்புக் குழலின் வெளிப்புறத்திலும் போல்ட்டின் மரையில்லாத தண்டிலும் செம்பு மசகைப் பூசினால் அடுத்த முறை அது எளிதில் வரும். மரையில் பூசாதீர்கள்; மசகிட்ட மரை, அதே டார்க் ரெஞ்ச் அளவில், கணக்கிட்டதைவிட அதிகமாக இறுகிவிடும்.

சட்டத்தின் பெரிய போல்ட்டுகளுக்கு 104 முதல் 123 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் வேண்டும். ஆனால் அதற்குமுன் கியர் பெட்டியின்கீழ் உள்ள ஜாக்கியை ஏற்றி இறக்கி, முன்பு குறித்து வைத்த உயரம் வரச் செய்யுங்கள். பழுதுபார்ப்புக் கையேட்டில் இதற்கான அளவு தரப்பட்டிருக்கிறது. பழைய அளவும் கையேட்டின் அளவும் வேறுபட்டால், முன்பு யாரோ தவறாகப் பொருத்தியிருக்கிறார்கள் என்று கொண்டு கையேட்டையே பின்பற்றுங்கள். உயரம் தவறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டுகள் கோணம் மாறி, வேகத்தோடு கூடும் அதிர்வை உண்டாக்கும்.

ஹாஃப் ஷாஃப்ட்டுகளுக்குப் புதிய கிளிப்புகளை மாட்டி, சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட்டின் பற்கள் சீலைக் கீறாதபடி நேராகத் தாங்கிப் பிடித்துச் செருகுங்கள். கிளிப்பின் திறந்த வாய் மேல்நோக்கி இருந்தால் எளிதில் உள்ளே போகும். உட்கார்ந்த பிறகு மூட்டின் உறையைப் பிடித்து லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால் கிளிப் பிடித்திருக்கிறது. ஹப்பின் உட்பற்களைத் துருவறத் துடைத்து, சிறிது கிரீஸ் தடவி, வெளிமுனையைச் செருகி, தாங்கியை நிமிர்த்தி மேல் போல்ட்டைப் போடுங்கள். இந்த போல்ட்டை, ஹப்பின்கீழ் ஜாக்கி வைத்துக் கார் தரையில் நிற்கும் உயரத்துக்குச் சஸ்பென்ஷனைத் தூக்கிய நிலையிலேயே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழியும். புதிய ஹப் நட்டை, சக்கரங்கள் தரையில் நின்ற பிறகு, 217 முதல் 294 நியூட்டன் மீட்டருக்குள் இறுக்கி, விளிம்பைப் பள்ளத்துக்குள் தட்டி மடக்குங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை சிறிய டிஃபரன்ஷியல் 0.65 லிட்டர் கொண்டது, பெரியது 1.0 லிட்டர் கொள்ளும். பழைய அளவை நினைவில் வைத்து ஊற்றினால் பேரிங்குகள் பட்டினி கிடக்கும். ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 எண்ணெயை, கார் சமதளத்தில் இருக்கும்போது, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும் வரை ஊற்ற வேண்டும்.

முதல் ஓட்டமும் அதன் பிறகும்

கார் இன்னும் ஸ்டாண்டில் இருக்கும்போதே, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் சக்கரங்களைச் சுழற்றி, உரசலோ தட்டலோ கேட்கிறதா என்று கவனியுங்கள். டார்சன் பொருத்திய காரில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கியரில் எஞ்சினை ஓட்டக் கூடாது. தரையிலுள்ள சக்கரம் விசை பெற்றுக் கார் பாய்ந்துவிடக்கூடும்.

முதல் சில கிலோமீட்டர்களை மிதமான வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பிவந்து, சீல்களைச் சுற்றி ஈரம் உள்ளதா என்று பாருங்கள். சட்டத்தின் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் சரிபாருங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் எழுந்து, விட்டதும் மறையும் ஊளைச் சத்தம் கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று சரியாகப் படியவில்லை என்பதைக் காட்டும். அலகைத் திறந்து அளவிடாமல் அதைச் சரிசெய்ய முடியாது. வேகத்தோடு மட்டும் மாறும், ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்படாத முனகல் பெரும்பாலும் பேரிங்கிலிருந்து வருவது. திரும்பும்போது சொடுக்குவது போன்ற ஒலி கேட்டால் ஹாஃப் ஷாஃப்ட்டின் வெளி மூட்டைச் சந்தேகியுங்கள். கியர் மாற்றும் கோல் முன்பிருந்த இடத்திலிருந்து சற்று விலகி நின்றாலோ, காரின் தரைப்பகுதியில் உரசும் நடுக்கம் தெரிந்தாலோ, அலுமினியச் சட்டத்தின் உயரத்துக்குத் திரும்பிச் சென்று அதை மறுபடி அளக்க வேண்டும்.

ஹப் தாங்கியைச் சாய்த்ததால் சக்கரக் கோணம் சிறிது மாறியிருக்க வாய்ப்புண்டு, அளந்து பார்த்துவிடுங்கள். உள்ளே எஞ்சியிருந்த துகள்களையும் பழைய படிவுகளையும் வெளியேற்ற, சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை ஒருமுறை மாற்றி, காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். இரண்டாவது முறை அது ஏறத்தாழச் சுத்தமாக இருக்க வேண்டும்.

வேகமானியையும் கவனிக்க வேண்டும். இந்தக் காரில் அது கியர் பெட்டியின் வெளியீட்டிலிருந்து ஒரு சிறு பற்சக்கரத்தின் வழியே கேபிளால் இயங்குகிறது. டிஃபரன்ஷியலின் விகிதம் மாறியது அதற்குத் தெரியாது. 4.3க்குப் பதில் 4.1 வந்துவிட்ட நிலையில், முள் 100 கிலோமீட்டரைக் காட்டும்போது கார் கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் அதே அளவு குறைவாகவே பதிவாகும். 1.8 காரின் கியர் பெட்டியிலுள்ள, பல் எண்ணிக்கை வேறான பிளாஸ்டிக் பற்சக்கரத்தை அங்கே மாற்றிப் போட்டால் இது சரியாகிவிடும். அதை மாற்றும்வரை, வேக வரம்புள்ள சாலைகளில் முள்ளை வரம்புக்கு ஐந்து விழுக்காடு கீழே வைத்து ஓட்டுங்கள்.